மகளுக்குக் கையடக்கக் கருவி: கடன் மனு எழுதும் முன்



ஜூன், ஜூலை மாதம் வந்தால் நம் குழுக்களில் உள்கடன் கேட்கும் காரணம் மாறிவிடும். ஆடு வாங்க, கூரை மாற்ற, காதுகுத்து வைக்க என்று கேட்பவர்களுக்கு நடுவில், "பாப்பா காலேஜ் சேந்திருக்கா, போன் கேக்குறா" என்று ஒரு குரல் வரும். உடனே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரியும். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி டச் போனு?" என்பது ஒரு கட்சி. "படிக்கிற புள்ள கேட்டா கடன வாங்கியாவது குடுத்துடணும்" என்பது இன்னொரு கட்சி. அந்தக் கருவியால் அவளுக்கு ஆக வேண்டிய வேலை என்ன என்று இரண்டு கட்சியும் கேட்பதில்லை. அதைப் பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம்.

தேதி தவறினால் என்ன ஆகும்?

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பத்து தடவை சொல்லுவார். "நாளைக்கு ஃபீஸ் கட்டணும், அம்மாகிட்ட சொல்லு" என்று டைரியில் எழுதியும் அனுப்புவார். கல்லூரியில் அது கிடையாது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், ரெக்கார்டு நோட்டு வைக்கும் நாள், உள்தேர்வு நாள், பஸ் பாஸ் எடுக்கும் நாள் எல்லாம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளாக ஒட்டப்படும். பார்த்தவர் பிழைத்தார். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் வந்த பணம் இரண்டாம் வருடமும் தானாக வரும் என்று நம்பி இருந்துவிடும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம்.

அம்மா அப்பா கல்லூரி வாசலை மிதித்திருந்தால் வீட்டில் ஒருவராவது கேட்பார்கள். நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி போகிறவர்கள். தேதியை அவளேதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தேதி தவறினால் அபராதம், இரண்டு தவறினால் அரியர். அதற்கு மேல் போனால், "ஒனக்குப் படிப்பு ஏறல, மாப்பிள்ள பாக்கலாம்" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அதனால் இதை வெறும் போன் விவகாரம் என்று தள்ளிவிடக் கூடாது.

நான்கு பொத்தான்

இன்றைய டச் போன் வருவதற்கு முன்பே, தேதியும் விலாசமும் குறித்து வைக்க என்றே தனியாகக் கையடக்கக் கருவிகள் இருந்தன. அவற்றுக்கு 'ஆர்கனைசர்' என்று பெயர். 1990-களில் சிங்கப்பூர், துபாயிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த 'டிஜிட்டல் டைரி' சிலருக்கு நினைவிருக்கலாம். கால்குலேட்டர் மாதிரி இருக்கும், மூடி திறந்தால் சின்னத் திரையும் பொத்தான்களும்.

அமெரிக்காவில் 1996-ல் 'பாம் பைலட்' என்று ஒரு ஆர்கனைசர் வந்தது. விலை 299 டாலர், அன்றைய நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டு சின்ன பென்சில் பேட்டரியில் ஓடியது. அதில் பாட்டு இல்லை, படம் இல்லை, போன் பேசவும் முடியாது. கீழே நான்கு முக்கியமான பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அமுக்கினால் தேதிப் பக்கம். அடுத்தது விலாசமும் போன் நம்பரும். மூன்றாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். நான்காவது குறிப்பு. இந்த நான்கு வேலைக்காகத்தான் பெரிய பெரிய அலுவலர்கள் அவ்வளவு பணம் கொடுத்து வாங்கினார்கள்.

நம் பிள்ளைக்கும் இந்த நான்கு வேலைதான் முதலில் வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் கடைக்காரர் சொல்வதில் பாதி நமக்குத் தேவையில்லாதது என்று தெரியும்.

நம் நாட்டிலும் இந்த யோசனை வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் ஒரு கம்பெனிக்காரர்களும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கருவியை வடிவமைத்து 2001-ல் காட்டினார்கள். கிராமத்து மக்கள் தங்கள் மொழியில் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும், ஒவ்வொருவரும் தனக்கென ஒரு அட்டை வைத்துக்கொண்டு அதைச் செருகினால் அவரவர் விவரம் வரும் என்று திட்டமிட்டார்கள். நம்ம சுய உதவிக்குழு புத்திதான் அது! 2004-ல் கடைக்கு வந்தபோது ஆரம்ப விலை பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதற்குள் செல்போன் மலிவாகி ஊருக்குள் வந்துவிட்டது.

சட்டைப் பையில் மரக்கட்டை

பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு காரியம் செய்தார். கருவி தயாராகும் முன்னால், அது எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பார்க்க ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பைக்குள் போகிற மாதிரி வெட்டிக்கொண்டார். எழுதுகோலுக்கு ஒரு குச்சி. அதைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். யாராவது "அந்த நாளில் சந்திக்கலாமா?" என்று கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் தட்டி, தேதி பார்ப்பது போல நடிப்பார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் எந்த வேலைக்குக் கை அடிக்கடி பைக்குப் போகிறது, எதற்குப் போகவே இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. செலவு, ஒரு துண்டு மரம்.

நம்மிடம் மரக்கட்டை வேண்டாம், பாக்கெட் நோட்டு போதும். இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். கடன் மனு எழுதுவதற்கு முன்னால் பதினைந்து நாள் மகளிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். நோட்டை நான்காகப் பிரித்து முனையை மடித்துக்கொள்ளட்டும்: தேதி, நம்பர், வேலை, குறிப்பு. காலேஜ் பைக்குள் போட்டுவிடக் கூடாது, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். இரவு படுக்கப் போகும்போது நாளைக்கு உள்ளதை ஒரு தடவை படிக்கட்டும். எது நோட்டில் முடியாமல் போனதோ, அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பக்கம்தான் முக்கியம்.

பதினைந்து நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் தாயும் மகளும் சேர்ந்து படியுங்கள். "எழுதி வைச்சேன், ஆனா பாக்க மறந்துட்டேன்" என்று இருந்தால் அவளுக்கு வேண்டியது மணி அடிக்கிற கருவி. அலாரம், நாட்காட்டி, கால்குலேட்டர், நம்பர் சேமிப்பு நாலும் சாதாரண பட்டன் போனிலேயே இருக்கின்றன. நோட்டும் பட்டன் போனும் சேர்ந்தால் அந்தப் பழைய ஆர்கனைசர் செய்த வேலை முடிந்துவிடும். பேட்டரியும் நாள் கணக்கில் நிற்கும். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் கடையில் சொல்லமாட்டார்கள்.

"வகுப்பு வாட்ஸப் குழுவில் தேதி மாறினது எனக்குத் தெரியல", "நோட்ஸ் பிடிஎஃப்-ல அனுப்பினாங்க", "விண்ணப்பம் ஆன்லைன்ல போடச் சொன்னாங்க" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தால் டச் போன் வேண்டும் என்று அர்த்தம். இதில் நமக்கு ஒளிவு மறைவு தேவையில்லை. பட்டன் போனே போதும் என்று எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிவிட முடியாது. பல கல்லூரிகளில் அறிவிப்புப் பலகையே போனுக்குள் போய்விட்டது.

இன்னொரு விதமான பதிலும் வரலாம். வீட்டில் ஏற்கனவே ஒரு டச் போன் இருக்கும். அது யார் பையில் இருக்கிறது? அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார், அல்லது தம்பி கையில் கேம் ஓடுகிறது. அப்படியானால் புதுக் கடனுக்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு பேச்சு வேண்டும். சாயங்காலம் ஏழு முதல் எட்டரை வரை அந்தப் போன் அவளுடையது என்று முடிவு செய்து, கையில் ஒரு பட்டன் போன் கொடுத்தால் முதல் வருடத்தை ஓட்டிவிடலாம். தம்பிக்குப் புதுசு, அக்காவுக்கு உடைந்தது என்ற வழக்கத்தையும் இந்தப் பேச்சிலேயே நிறுத்திவிட்டால் நல்லது.

கடையில் நிற்கும்போது

விலை குறைவு என்பதை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக 'ஆகாஷ்' என்ற மலிவு டேப்பை அறிமுகம் செய்தது. உலகத்திலேயே மலிவானது என்று பேசப்பட்டது. ஆனால் முதலில் வந்ததில் ராம் 256 எம்பி மட்டும். திரையைத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த வருடம் மேம்பட்ட ஆகாஷ் வந்தது. முதல் டேப்பின் மேல் வந்த குறை கடைசி வரை பெயரை விட்டுப் போகவில்லை. படிக்கிற பிள்ளைக்குக் காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினால் சாயங்காலம் வரை சார்ஜ் நிற்க வேண்டும்.

அதனால் பேட்டரியில் இருந்து ஆரம்பியுங்கள். அட்டையில் 5000 எம்ஏஎச் என்று இருந்தால் ஒரு நாள் படிப்புக்குத் தாராளம். ராம் என்பது நம் சமையலறை மேடை மாதிரி, ஒரே நேரத்தில் எத்தனை பாத்திரம் வைத்து வேலை பார்க்கலாம் என்பது. மெமரி என்பது பரண், எவ்வளவு எடுத்து வைக்கலாம் என்பது. 4 ஜிபி ராம், 64 ஜிபி மெமரிக்குக் குறையாமல் இருந்தால் இரண்டு மூன்று வருடம் ஓடும். இங்கே ஒரு வித்தை நடக்கிறது. அட்டையில் '8 ஜிபி ராம்' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் '4+4' என்று இருக்கும். உண்மையான ராம் 4 தான். மீதி, பரணில் கொஞ்சம் இடத்தை எடுத்து மேடை என்று கணக்குக் காட்டுவது. "அண்ணே, நெசமான ராம் எவ்வளவு?" என்று கேளுங்கள். கேமராவில் எத்தனை கண் என்பது நம் நான்கு பொத்தான் கணக்கில் வராது.

டேப் பெரிதாக இருக்கும், பாடம் படிக்க வசதி. ஆனால் மலிவான டேப்புகளில் சிலவற்றில் சிம் போட இடமே இருக்காது, வைஃபை மட்டும்தான். நம் வீட்டில் வைஃபை இல்லையென்றால் அது வெறும் பலகை. வாங்குவதற்கு முன் கல்லூரி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள். கல்லூரி மாணவர்களுக்கு டேப் அல்லது லேப்டாப் தருவதாகத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்திருந்தது. உங்கள் பிள்ளைக்கு அது உண்டா என்று தெரிந்த பிறகு டேப்புக்குக் கடன் வாங்கலாமா என்று யோசிக்கலாம்.

பழைய போன் வாங்குவதில் தப்பில்லை. நல்ல போன் பாதி விலைக்குக் கிடைப்பதும் உண்டு. ஆனால் அவசரப்படக் கூடாது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். போனில் *#06# என்று அடித்தால் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் வரும். பில்லில், பெட்டியில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மெசேஜில் கே, ஒய், எம் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடம் விட்டு அந்த எண்ணையும் போட்டு 14422-க்கு அனுப்பினால், போனின் விவரமும், அது முடக்கப்பட்ட போனா என்பதும் பதிலாக வரும். திருட்டுப் போன் வாங்கிவிட்டு போலீஸ் ஸ்டேஷன் படியேற நம்மால் ஆகாது.

விற்பவர் நம் கண் முன்னால் போனை முழுவதும் அழித்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து திறந்து காட்டட்டும். பழைய ஆளுடைய கூகுள் கணக்கைக் கேட்டு நின்றால் வாங்காதீர்கள், அது நமக்குத் திறக்காது. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு எண் இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போனில் வாட்ஸப் வேலை செய்வதில்லை. அந்த எல்லை அவ்வப்போது மேலே ஏறும், ஆகவே எண் கூடுதலாக இருப்பதே நல்லது. பின்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டது, தொடவே வேண்டாம்.

கணக்கு நோட்டைத் திறப்போம்

போன் விலை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி, மாதம் 1,000 அசல் கட்டுகிறோம். நாம் கட்டக் கட்ட வட்டியும் குறையும். முதல் மாதம் 90, அடுத்து 80, கடைசி மாதம் 10. ஒன்பது மாதத்தில் மொத்த வட்டி 450. ஆக 9,450.

கடையில் ஃபைனான்ஸ்காரர், "ரெண்டே வட்டிதாங்க, மாசம் 1,180 கட்டினா போதும்" என்பார். நம் குழுவில் முதல் மாதம் கட்டுவது 1,090, இது 90 ரூபாய்தானே கூட என்று தோன்றும். ஆனால் அவர் எட்டாவது மாதமும் முழு 9,000-க்கே வட்டி போடுகிறார். மாதம் 180, ஒன்பது மாதத்துக்கு 1,620. ஃபார்ம் செலவு 300 என்று சேர்த்தால் 10,920. வித்தியாசம் 1,470 ரூபாய். உங்கள் குழுவில் இரண்டு வட்டி என்றாலும், குறையும் தொகைக்குப் போட்டால் வட்டி 900 தான் வரும். அதுவும் நம் குழு நிதிக்கே திரும்பி வருகிறது.

"வட்டியே இல்லாத தவணை" என்று போர்டு வைத்திருப்பார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும் என்ற கருத்தில் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கண்டுபிடிக்க எளிய வழி, "ரொக்கமா குடுத்தா எவ்வளவு?" என்று முதலில் கேட்பது. ரொக்க விலைக்கும் தவணைத் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

போன் விலையோடு செலவு நிற்காது. 28 நாள் ரீசார்ஜ் என்பது ஒரு மாதம் ஆகாது, வருடத்துக்குப் பதின்மூன்று தடவை போட வேண்டும். தடவைக்கு 300 என்றால் 3,900 ரூபாய். குழுக் கடனையும் சேர்த்தால் முதல் வருடம் 13,350. நாம் 9,000 என்று நினைத்துத்தான் மனு எழுதுகிறோம்.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். "அந்தப் பணத்துல தவணை கட்டிக்கலாம்" என்று சில அம்மாக்கள் சொல்கிறார்கள். முழுவதையும் தவணைக்குக் கொடுத்துவிட்டால் ஜெராக்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அவள் யாரிடம் கை நீட்டுவாள்? பாதியை அவள் கையில் விடுங்கள். முதல் ஆறு மாதம் பட்டன் போனோடு ஓட்டி மாதம் 500 சேர்த்தால் 3,000 கையில் நிற்கும். கடன் 6,000 போதும். மாதம் 1,000 அசல் கட்டினால் ஆறு மாதத்தில் முடியும், வட்டி 210 தான். அந்த ஆறு மாதத்தில் அவளுக்கே எது வேண்டும் என்பது தெளிந்திருக்கும்.

போன் தொலைந்தால் படிப்பு தொலையக் கூடாது

அந்தக் காலத்து ஆர்கனைசர்களில் ஒரு பெரிய குறை இருந்தது. பேட்டரி முழுதாகத் தீர்ந்து, மாற்றுவதற்கும் தாமதமானால் பலவற்றில் எழுதி வைத்தது எல்லாம் அழிந்துவிடும். பாம் பைலட்காரர்கள், கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் நகல் எடுத்துக்கொள்கிற ஏற்பாட்டை வைத்தார்கள். அந்த வசதிக்காகவே வாங்கியவர்கள் நிறைய.

இன்றைய போனில் மகள் பெயரிலேயே ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, நம்பர்களையும் நாட்காட்டியையும் அதில் சேமிக்கச் சொல்லுங்கள். கடைக்கார அண்ணன் "நானே போட்டுத் தரேன்" என்று அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பது வழக்கம். அதை அவள் அன்றே மாற்ற வேண்டும். திரைக்குப் பூட்டு எண் போடட்டும். ஐஎம்இஐ எண்ணைப் பில்லோடு சேர்த்து வீட்டுப் பெட்டியில் வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, 'சஞ்சார் சாத்தி' என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து முடக்கலாம். 2023 மே முதல் இது நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. முக்கியமான தேதிகள் பாக்கெட் நோட்டிலும் இருக்கட்டும். போன் வந்த பிறகு நோட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு

போன் கடன் கேட்க இருக்கும் உறுப்பினர், மகளின் நோட்டையும் அதன் கடைசிப் பக்கத்தையும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முடிந்தால் மகளையும் கூட்டி வாருங்கள், அவளே பேசட்டும். ஊக்குநர் கரும்பலகையில் மேலே சொன்ன கணக்கை உங்கள் குழுவின் வட்டிக்கு மாற்றிப் போட்டுக் காட்டுவார். சிம்ப்யூட்டர் யோசனை போல, கூட்டமைப்பு அலுவலகத்தில் பொதுவாக ஒரு டேப் வாங்கி வைத்தால் விண்ணப்பம் போடும் நாட்களில் எத்தனை பிள்ளைகளுக்கு உதவும், அதை யார் பொறுப்பில் வைப்பது என்றும் பேசுங்கள். வந்த கருத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பஞ்சாயத்து அளவிலான கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதி மூலம் அனுப்புங்கள்.